தவிப்பு எண்

மணிக்கட்டில் பட்டையை மாட்டிவிட்ட வாசல் காவல் பெண், "இன்னைக்காவது உங்களைக் கூப்பிட்டாச் சரிங்க்கா" என்றாள். முகம் பழகிவிட்டிருந்தது. வசுமதி அந்தக் கட்டடத்துக்கு வருவது மூன்றாவது முறை. முந்திய இரண்டு முறையும் மாலை ஐந்து மணிக்குக் கதவு சாத்தும்வரை இருந்துவிட்டு, பெயர் வராமலே பஸ் ஏறிப் போயிருந்தாள்.

ஆனைப்பாளையம் மாவட்ட மக்கள் சேவை மாளிகை திறந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பழைய தாலுகா அலுவலகத்தின் புங்க மரத்தடியில் கால் கடுக்க நின்றவர்கள் இதன் உள்ளே வந்தால் ஒரு நிமிடம் திகைத்துத்தான் போவார்கள். நடுக்கூடத்துக்குக் கண்ணாடிக் கூரை. அதன் கீழே கூழாங்கற்கள் மீது ஓடும் செயற்கை ஓடை. ஒரு பக்கம் தபால் நிலையம், வங்கி, மருந்துக்கடை. இன்னொரு பக்கம் உணவகம், படிப்பறை, பாலூட்டும் அறை. ஓடையை ஒட்டி, கால் பிடித்துவிடும் நாற்காலிகள் இரண்டு வரிசை. சித்திரை வெயிலுக்கு ஒதுங்கவே சிலர் வந்து போனார்கள்.

இரண்டாம் தளத்துக் குழந்தைகள் காப்பகத்தில் மகள் தாரிகாவை விட்டுவிட்டு வசுமதி கீழே இறங்கினாள். தாரிகாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. காதுக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையை அரசாங்கம் இலவசமாகச் செய்தது, ஆறு வயது நிறைவதற்குள் ஒப்புதல் கையெழுத்து வாங்கிவிட்டால். நாளைக்கு தாரிகாவுக்கு ஆறு வயது நிறைகிறது.

பட்டையில் இரண்டு எண்கள் தெரிந்தன. மேலே அவளுடைய அடையாள எண். கீழே, பச்சை நிறத்தில், பதினொன்று.

அவள் நேராக உதவி மேடைக்குப் போனாள். அங்கே பத்மஜோதி என்ற ஐம்பது வயதுப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். போன முறையும் அவர்தான் இருந்தார்.

"மேடம், இன்னைக்குத்தான் கடைசி நாளுங்க. நாளைக்கு வந்தா எம் பொண்ணுக்கு வயசு தாண்டிரும்."

பத்மஜோதி பரிதாபமாகத்தான் பார்த்தார். "நான் என்னங்க பண்ணட்டும்? வரிசையை நாங்க போடறதில்லை. பட்டை போடுது."

"இது நியாயமாங்க? எனக்கு அப்புறம் வந்தவங்கெல்லாம் முடிச்சுட்டுப் போறாங்க."

"வந்த வரிசையிலதான் முன்னெல்லாம் கூப்பிட்டுட்டு இருந்தோம். அப்ப என்னாச்சு? சாவகாசமா வந்தவன் முன்னாடி நின்னான், உசுருக்குப் போராடிட்டு வந்தவன் பின்னாடி நின்னான். சரி, அவசரம்னா மனுவுல எழுதுங்கன்னாங்க. எல்லாருமே அவசரம்னு எழுதினாங்க. வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாதில்லீங்களா? அதான் இப்ப உடம்பைக் கேக்கறாங்க. நாடித் துடிப்பு, வேர்வை, மூச்சு எல்லாத்தையும் பட்டை பாக்குது. யாரு ரொம்பத் தவிக்கறாங்களோ அவங்களை முதல்ல கூப்பிடுது."

"நானும் தவிச்சுட்டுத்தாங்க இருக்கேன்."

பத்மஜோதி அவள் பட்டையை எட்டிப் பார்த்தார். "பதினொண்ணு காட்டுதே. எண்பதுக்கு மேல போனாத்தான் இன்னைக்குள்ள வருவீங்க. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"ஆம்புலன்ஸ்ல இருக்கேனுங்க. ஒன்பது வருசமா."

"அப்படிச் சொல்லுங்க" என்றார் பத்மஜோதி மெதுவாக.

வசுமதிக்கும் புரியத்தான் செய்தது. நசுங்கிய காருக்குள் கையை விட்டு ஒருவனுடைய கழுத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும்போது அவளுடைய நெஞ்சு படபடத்தால் அவன் செத்துப்போவான். முதல் வருடம் படபடத்தது. பிறகு அவள் உடம்பு ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டது. பயம் கூடக்கூட மூச்சு நிதானமாகும், கை உறுதியாகும். கணவர் இறந்த அன்றுகூட அப்படித்தான். சொந்தக்காரர்கள் அதைக் கல்நெஞ்சு என்றார்கள்.

அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் இருந்த பெரிய பலகையில் அடையாள எண்கள் அழைப்பு வரிசையில் மேலும் கீழுமாக நகர்ந்துகொண்டிருந்தன. முதல்முறை வந்தவர்களையும் பழகியவர்களையும் இப்போது அவளால் பிரித்துச் சொல்ல முடிந்தது. கால் பிடிக்கும் நாற்காலிகளில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவர்கள் எல்லோரும் புதியவர்கள். அவர்களுடைய எண் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. பழகியவர்கள் ஓடைப் பக்கமே போகவில்லை. உணவகத்தில் சாப்பிடவில்லை. ஒரு பெண் சுவரைப் பார்த்து நின்றபடி, செல்பேசியில் யாரோ கத்தும் குரலை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேட்டி கட்டிய ஒருவர் தம்பியிடம், "சொல்லுடா, அந்த நிலம் போச்சுன்னா நாம என்ன ஆவோம், சொல்லு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

வசுமதியும் முயன்று பார்த்தாள். ஐந்து தளத்தையும் படியேறி இறங்கினாள். பட்டை ஏமாறவில்லை. ஓட்டத்தில் வரும் துடிப்பு வேறு, பயத்தில் வரும் துடிப்பு வேறு என்று அதற்குத் தெரிந்திருந்தது. மூன்று காபி குடித்தாள். பதினான்கு வரை போய்ப் பன்னிரண்டுக்கு இறங்கியது. பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து வேண்டுமென்றே தாரிகாவை நினைத்தாள். நடுரோட்டில் நிற்கும் தாரிகா, பின்னால் வரும் லாரி, கேட்காத ஹாரன். மூச்சு வழக்கம்போல ஆழமானது. எண் ஒன்பதுக்கு வந்தது.

மணி மூன்றரை ஆயிற்று. நிற்க முடியாமல், உட்காரவும் முடியாமல் கூடத்துக்கும் காப்பகத்துக்கும் நடந்துகொண்டிருந்தவள், தூண் ஓரத்துப் பெஞ்சில் அந்த மனிதரைப் பார்த்தாள்.

அறுபதை ஒட்டிய வயது. முழுக்கைச் சட்டை. மடியில் ஒரு நெகிழிக் கோப்பு. அவருடைய இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. வாய் திறந்து மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உதடுகளின் நிறம் அவளுக்குப் பிடிக்கவில்லை. யோசிக்காமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"ஐயா, என்னைப் பாருங்க. ஒண்ணுமில்லை. மெதுவா மூச்சு விடுங்க. என் கூடவே விடுங்க."

அவர் அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மூச்சு அவளுடையதோடு சேர்ந்துகொண்டது. அவள் தண்ணீர் கொடுத்தாள். நடுக்கம் அடங்கியது.

"உங்க பேருங்கய்யா?"

"செங்கோடனுங்."

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லீங் அம்மிணி. நாலு நாளா ஒண்ணும் எறங்கலை." கோப்பைத் தட்டிக் காட்டினார். "என்ற பையன் மஸ்கட்ல கிரேன் ஓட்டிட்டு இருந்தான். கவினுன்னு பேரு. ஒரே பையன். வெள்ளிக்கிழமை வெயில்ல விழுந்தவன் எந்திரிக்கலையாம். உடம்பை அனுப்பறதுக்கு இங்கிருந்து வாரிசுச் சான்று போகோணுமாம். அஞ்சு மணிக்குள்ள போனாத்தான் இன்னைக்கு ராத்திரி ஏத்துவாங்களாம். விட்டா அடுத்த வாரந்தானாம்."

அவள் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். எலுமிச்சைத் தேநீர் வாங்கி வந்து குடிக்க வைத்தாள். ஓடைப் பக்கம் அழைத்துப்போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தாள். "எல்லாம் நல்லபடியா முடியுங்க, பயப்படாதீங்க" என்றாள். ஒன்பது வருடத்தில் ஆயிரம் முறை சொன்ன வார்த்தைகள். ஒவ்வொரு முறையும் அவை வேலை செய்திருக்கின்றன. செங்கோடனின் தோள்கள் தளர்ந்தன. இமைகள் பாதி மூடின.

அப்போதுதான் பத்மஜோதி கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

"ஏங்க, நீங்க என்ன காரியம் பண்ணீங்க?" குரலை அடக்கிக்கொண்டு கேட்டார். "இவரு பலகையில மூணாவதா இருந்தாருங்க. இன்னும் அஞ்சு நிமிசத்துல கூப்பிட்டிருப்பாங்க. இப்பப் பாருங்க."

வசுமதி செங்கோடனின் சட்டைக் கையை மேலே தள்ளினாள். பட்டையில் பச்சை நிறத்தில் இருபத்திரண்டு. பெரிய பலகையில் அவருடைய அடையாள எண்ணைத் தேடினாள். மேலே இல்லை. நடுவிலும் இல்லை. அறுபத்து நான்காவது வரியில் இருந்தது.

"நாலு நாளா அந்த மனுசன் தவிச்ச தவிப்பெல்லாம் வீணாப் போச்சுங்க" என்றார் பத்மஜோதி.

வசுமதியின் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது. உள்ளங்கை ஈரமானது. இது அவளுக்குப் பழக்கமில்லாத இடம். அடிபட்டவனைத் தூக்கத் தெரியும், பிள்ளைப்பேறு பார்க்கத் தெரியும். தன் கையாலேயே ஒருவருக்குக் கெடுதல் செய்துவிட்டு நிற்கத் தெரியாது. அதற்கு அவள் உடம்பிடம் எந்தப் பயிற்சியும் இருக்கவில்லை. இதயம் விலாவில் வந்து இடித்தது. பட்டை மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவந்தது. எழுபது. எண்பத்தாறு. தொண்ணூற்று மூன்று.

பட்டை அதிர்ந்தது. 'வசுமதி, நான்காம் மேடைக்கு வரவும்.'

அவள் செங்கோடனைப் பார்த்தாள். அவர் கண் மூடியிருந்தார். அவளுக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. போனாள்.

நான்காம் மேடையில் இருந்த துணை வட்டாட்சியர் நஸ்ரீன் களைத்த முகத்தோடு கோப்பை வாங்கிப் பார்த்தார். "நாளைக்குப் பிறந்த நாளா? இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?"

"ரெண்டு தடவை வந்தேன் மேடம். கூப்பிடலை."

நஸ்ரீன் நிமிர்ந்து ஒரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முத்திரை பதிந்த தாள் வெளியே வந்தது. ஐந்து நிமிட வேலை.

"மேடம், அங்க ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு. அவர் பையனோட உடம்பு மஸ்கட்ல இருக்கு. என்னாலதான் அவர் பின்னாடி போயிட்டாரு. அவர் பேரைச் சொல்றேன், அவரைக் கூப்பிடுங்க மேடம்."

"நான் கூப்பிட முடியாதும்மா. அவர் பட்டை வரிசையில வந்து இந்த மேடைமேல பட்டாத்தான் என் திரையே திறக்கும். இல்லைன்னா எனக்கு இது வெறும் பலகை." நஸ்ரீன் குரலைத் தாழ்த்தினார். "தினமும் இப்படி யாராவது வந்து சொல்றாங்க. வீட்டுக்குப் போனாத் தூக்கம் வர்றதில்லை. ஆனா என் தவிப்பை யாரும் அளக்கறதில்லை. நீங்க போங்க, அடுத்தவங்க நிக்கறாங்க."

மணி நாலு இருபது. வசுமதி மின்தூக்கி முன்னால் நின்றாள். மேலே போனால் தாரிகா இருப்பாள். கையில் தாள் இருக்கிறது. நாலரை பஸ்ஸைப் பிடித்துவிடலாம். மின்தூக்கியின் கதவு திறந்தது, காத்திருந்தது, மூடிக்கொண்டது. அவள் திரும்பி ஓடைப் பக்கம் நடந்தாள்.

செங்கோடன் விழித்துத்தான் இருந்தார். தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெளிந்திருந்தது.

"ஐயா, நீங்க வரிசையில ரொம்பப் பின்னாடி போயிட்டீங்க. அஞ்சு மணிக்குள்ள உங்களைக் கூப்பிட மாட்டாங்க."

"அப்படீங்களா?" என்றார். "கூப்புடுவாங் அம்மிணி. நீங்கதான் நல்லபடியா முடியும்னீங்களே."

அவர் எண் இருபத்தைந்துக்கு ஏறி அங்கேயே நின்றது. வார்த்தைகள் அவருக்குள் போகவில்லை. நான்கு நாள் பட்டினிக்கும் தூக்கமின்மைக்கும் பிறகு கிடைத்த ஓய்வில் அவர் எங்கோ தூரத்தில் இருந்தார். வசுமதி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபத்தெட்டு.

ஆம்புலன்ஸ் பயிற்சியின் முதல் வாரத்திலேயே, இறந்தவரின் வீட்டாரிடம் கேட்கக்கூடாத கேள்விகள் என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். மனப்பாடம் செய்துவிட்டுத்தான் வண்டியில் ஏற முடியும். அவள் நாற்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேரே போட்டுக்கொண்டாள்.

"ஐயா, கவின்கிட்ட கடைசியா எப்பப் பேசுனீங்க?"

அவர் கண் ஓடையிலிருந்து திரும்பியது. "பேசலீங்."

"வெள்ளிக்கிழமை கூப்பிடலையா?"

"வியாழக்கிழமை கூப்பிட்டான். பொழுது சாயற நேரம். நான் எடுக்கலை."

"ஏன் எடுக்கலை?"

"ஏனுங் அம்மிணி இதையெல்லாம் கேக்கறீங்?"

நாற்பத்தொன்று. அவர் அவளை நம்பிக்கையோடு பார்த்தார். தண்ணீர் கொடுத்தவள், கையைப் பிடித்தவள். அவளால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லுங்க. ஏன் எடுக்கலை?"

"கோவமுங். ஒரு வருசமா ஊருக்கு வா, வான்னேன். பொண்ணு பாத்து வெச்சிருந்தோம். இந்தா வரேன், அந்தா வரேன்னான். அன்னைக்கும் லீவு கெடைக்கலைன்னுதான் சொல்லுவான்னு நெனைச்சு..." அவர் கை கோப்பை இறுக்கியது. "காலையில பேசிக்கலாம்னு வெச்சுட்டேனுங்."

"ஒரு வேளை லீவு கிடைச்சுருச்சுன்னு சொல்லக் கூப்பிட்டிருந்தா?"

செங்கோடன் சட்டைப்பையிலிருந்த செல்பேசியைத் தொட்டுப் பார்த்தார்.

"எத்தனை தடவை அடிச்சுதுங்க?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "ஒரு தடவையா? ரெண்டு தடவையா?"

"மூணு" என்றார். "மூணு தடவை அடிச்சான். என்ற கையிலதான் இருந்துது. பாத்துட்டே இருந்தேன் அம்மிணி. பேரு மின்னி மின்னி அணைஞ்சுது. பாத்துட்டே..."

பிறகு அந்தக் கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அப்படி ஒரு ஓலம் அது. ஆள் முன்னால் சரிந்து நெற்றியை அவள் முழங்காலில் வைத்துக் கதறினார். வங்கியின் கதவைத் திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். காவலர் ஒருவர் ஓடி வந்தார். பத்மஜோதி கையை நீட்டி அவரை நிறுத்தினார்.

வசுமதியின் இரண்டு கைகளும் காற்றில் நின்றன. அந்த முதுகைத் தடவிக் கொடுக்க விரல்கள் துடித்தன. தடவினால் எண் இறங்கும். கைகளைத் தன் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். பலகையில் அவருடைய எண் அறுபதுகளிலிருந்து நாற்பதாவது வரிக்கும், அங்கிருந்து பதினேழுக்கும் வந்தது. ஒன்பது. நான்கு. அங்கே நின்றது. ஐந்து மேடைகளிலும் ஆட்கள் இருந்தார்கள். நாலு நாற்பத்தாறு. ஒரு மேடை காலியானது. மூன்று. இன்னொன்று. இரண்டு. அவர் இன்னும் அழுதுகொண்டிருந்தார். அழுகை ஓயக்கூடாதே என்று அவள் வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டியதை நினைத்து உடனே கூசிப்போனாள்.

பட்டை அதிர்ந்தபோது மணி நாலு ஐம்பத்தொன்று. பத்மஜோதியே வந்து அவரைத் தூக்கி நிறுத்தி, தோளில் கை போட்டு மேடைக்கு நடத்திப் போனார். செங்கோடன் வசுமதியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் மேலே போய் தாரிகாவை அழைத்து வந்தாள். தாரிகா காகிதத்தில் வரைந்த மீன் ஒன்றைக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்று வசுமதி கைச்சாடையில் சொன்னாள். விரல்கள் ஒழுங்காக மடங்கவில்லை.

ஐந்து மணிக்கு எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். வாசற்படியில் அனல் காற்று முகத்தில் அடித்தது. கடைசியாக வந்த சிலரில் செங்கோடனும் ஒருவர். கண்கள் வீங்கியிருந்தன. நேராக அவளிடம் வந்தார். ஏதாவது கேட்பார், திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"சான்று போயிருச்சாமுங்" என்றார். குரல் கம்மியிருந்தது. செல்பேசியை அவள் பக்கம் நீட்டினார். "வூட்டுல சொல்லோணும். என்னால முடியாது. நீங்க சொல்லிருங்."

மறுக்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? வாங்கிக்கொண்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"என்னாச்சுங்?" என்றது ஒரு பெண் குரல்.

"அம்மா, நான் அவர் இல்லைங்க. ஆபீஸ்ல அவருக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தவ. கையெழுத்து ஆயிருச்சுங்க. ராத்திரியே ஏத்திருவாங்களாம். காலையில பையனைக் கொண்டு வந்துருவாங்க."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். பிறகு அந்த அம்மாள் கேட்டார்.

"அவரு அழுதாருங்களா?"

வசுமதி செங்கோடனைப் பார்த்தாள். அவர் சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"அழுதாருங்க."

"மாரியாத்தா" என்றார் அந்த அம்மாள். "நாலு நாளா ஒரு சொட்டுக் கண்ணீர் வரலீங். கையி மட்டும் நடுங்குது, வாயைத் தொறக்கறதில்லை. இந்த மனுசனும் போயிருவாரோன்னு நானு பயந்துட்டே கெடந்தேன். சொந்தபந்தமெல்லாம் வந்து பேசிப் பாத்தாங், அழுகலை. நீங்க கூட இருந்து அழுக வெச்சீங்களா கண்ணு? நீங்க நல்லா இருக்கோணும். உங்க கொழந்தை குட்டி நல்லா இருக்கோணும்."

என்ன பேசி அழ வைத்தாள் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. வசுமதியும் சொல்லவில்லை.